மஞ்சள் கோடு

வாஷிங் மெஷின் சத்தத்தில் ஆடியோ புத்தகம் பாதி காதில் விழவில்லை. சலித்துப்போய் அவள் போனிலேயே படிக்கத் தொடங்கினாள். அவளுக்கும் கணவருக்கும் ஒரே கணக்கு. அவருடைய இ-ரீடரில் கோடு போட்டால் இவள் போனிலும் தெரியும்.

இரண்டாம் பக்கத்திலேயே மஞ்சள் கோடு. 'நீ இல்லாத வீடு எனக்கு வீடே இல்லை.'

வாயைத் திறந்து ஒரு நல்ல வார்த்தை பேசாத மனிதர். அவளுக்கு உச்சி குளிர்ந்தது. 'நானும் உன்னையே நினைத்திருக்கிறேன்' என்ற வரியைத் தேடிப்பிடித்துக் கோடு போட்டாள். மறுநாளே அடுத்த கோடு. இப்படியே மூன்று நாவல் ஓடியது.

அன்று காபி கொடுக்கும்போது அடக்க முடியவில்லை.

"கோடு போட்டுச் சொல்றதை நேர்லயும் ஒரு தடவை சொல்லுங்களேன்."

"என்ன கோடு?"

"புத்தகத்துலதான். நானும் விடாம பதில் போடுறேனே."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"அதெல்லாம் நீயா போட்டே? நீ... ஆடியோதானே கேப்பே?"

"பின்ன யாருன்னு நினைச்சீங்க? பாஸ்வேர்டை யாருக்குக் குடுத்தீங்க?"

அவர் காபியை வைத்துவிட்டு அவசரமாக இ-ரீடரை எடுத்து அணைத்தார்.

நீ இல்லாத வீடு. கல்யாணமான நாளிலிருந்து அவள் இந்த வீட்டை விட்டு ஒரு ராத்திரிகூட வெளியே தங்கியதில்லை.