படத்துக்கு உட்கார்ந்த ரொட்டி

ஹாலந்தில் யோரிஸ் என்று ஓர் ஓவியர் இருந்தார். சாப்பாட்டை மேசையில் வைத்து, வரைந்து முடித்த பிறகுதான் அவரும் மனைவியும் சாப்பிடுவார்கள். அன்று இருந்தது ஒரு ரொட்டி, ஓர் உப்புமீன், ஒரு கோப்பை பீர். வீட்டில் வேறு எதுவும் இல்லை.

"அண்ணே, என்னை வரைஞ்சாச்சு. உன்னை முடிச்சாத்தான் அவங்க வாயில ஏதாச்சும் போகும். ஆடாம இரு," என்றது மீன்.

"பொறுடா. நம்ம வலப்பக்கம்தான் அழகு," என்று ஜமீன்தார் மாதிரி கனைத்த ரொட்டி, யோரிஸ் தூரிகை கழுவத் திரும்பியபோது லேசாக உருண்டுகொண்டது. நிழல் மாறிப்போனது. அவர் கண்ணைக் கசக்கினார், வரைந்ததை அழித்தார், மறுபடி தொடங்கினார்.

"அவர் வயிறு உறுமுது, கேக்கலையா?"

"மேல்பக்க மாவுத்தூள் தெரியுதான்னு பாரு!" இன்னொரு உருளல்.

மறுநாள் சாயங்காலம்தான் படம் முடிந்தது. மனைவி கிரீட் ரொட்டியை எடுத்து மேசையில் தட்டினாள். டொக், டொக்!

"செங்கல்லுங்க இது!"

"பீர்ல ஊறவை, சரியாயிடும்," என்றார் யோரிஸ். கோப்பையை அவள் பக்கம் நகர்த்தினார். "அதைத் திட்டாதே. ரெண்டு நாளா இம்மிகூட அசையாம உட்கார்ந்துச்சு, பாவம். எனக்குத்தான் கண்ணு சரியில்லை."

கிரீட் ரொட்டியை உடைத்துக் கோப்பையில் போட்டாள். ரொட்டி, எவ்வளவு சீக்கிரம் முடியுமோ அவ்வளவு சீக்கிரம் பீரில் கரைந்தது.