வரி வீட்டுக்குத்தான்

றொஜர் இரண்டு கைகளையும் தூக்கியதும் கூட்டமே சிரித்தது.

"ஒரு வீட்டுக்கு ஒரு கைதான், தம்பி," என்றார் சங்கத் தலைவர் சுவாம்பிள்ளை.

தமிழ்ப் பள்ளிக்கூடம் இத்தனை நாளும் தேவாலயத்தின் அடித்தளத்தில், சுவரில் நீர் கசியும் அறையில்தான் நடந்தது. இப்போது பல்லரோச் சந்தைக்குப் பக்கத்தில் நல்ல இடமொன்று வாடகைக்கு வந்திருந்தது. அதை எடுப்பதற்காகத் தமிழர் குடியிருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஐந்து வருட வரி போடலாமா என்பதுதான் அன்றைய வாக்கெடுப்பு.

"வரி ஆளுக்கில்லை, வீட்டுக்கு," என்றான் றொஜர். "ஆர் போனாலும் ஆர் வந்தாலும் அந்த வீடு கட்டத்தான் வேணும்."

அவனுடைய ஆவேசத்தைப் பார்த்தால் பள்ளிக்கூடத்தை அவனே பெற்று வளர்த்தது போலிருந்தது.

பாதிக்கு மேல் வேண்டும். ஒரே ஒரு கை குறைந்தது. ஸ்ரெல்லாவின் கை மடியிலேயே கிடந்தது.

"நான் வடக்கை மொடேனாவுக்குப் போறனெல்லே," என்றாள். "அண்ணன் தன்ரை ஃபக்டரியிலை வேலை பாத்து வைச்சிருக்கிறார். வீடும் குடுப்பினமாம். ஓடப்போறவள் கையைத் தூக்கி மற்றவையின்ரை தலையிலை கட்டுறது நியாயமோ?"

மகள் மொனிகாவைத் தனியாளாய் வளர்ப்பவள் அவள். பணக்காரர் குடியிருக்கும் லிபெர்த்தாப் பக்கம் ஒரு வீட்டில், படுக்கையில் கிடக்கும் கிழவரைத் தூக்கித் தூக்கியே இடுப்பு விட்டுப்போயிருந்தது. வடக்கே அந்த வேலைதான் அவளுக்கு விடிவு.

றொஜர் கதிரையை அவளருகே இழுத்துப் போட்டான். குரல் தழுதழுத்தது.

"நீங்களும் போனா எங்கடை பிள்ளையளுக்கு ஆரக்கா இருக்கினம்? மொனிகா எவ்வளவு வடிவாத் தமிழ் எழுதுறாள்! அதை விட்டுட்டுப் போக மனம் வருதோ?"

ஸ்ரெல்லாவின் கண் கலங்கியது.

"அண்ணனுக்கு என்னெண்டு சொல்லுறது? என்னைக் கொன்றுபோடுவார்."

"நம்பரைத் தாங்கோ. நான் பக்குவமாக் கதைக்கிறன்."

ஸ்ரெல்லா கையைத் தூக்கினாள். கைதட்டல் அடங்க வெகுநேரமானது.

தொண்ணூற்றேழு ஆவணியில் புது இடத்தின் சாவி கிடைத்தது. அண்ணன் மட்டும் கோபத்தில் தொலைபேசியை எடுக்கவேயில்லை. ஆறட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டு, றோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு, நன்றி சொல்ல றொஜர் வீட்டுக்குப் போனாள் ஸ்ரெல்லா.

வெளியே வெயில் கொளுத்தியது. உள்ளே றொஜரின் மனைவி றம்யா தடித்த கம்பளிக் கோட்டுகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"இந்த வெக்கையிலை கோட்டோ?"

"அங்கை பனி கொட்டுமாம், அக்கா. நல்லகாலம் நீங்கள் வந்தது. இந்த வீட்டை நீங்களே எடுங்கோவன். காத்தோட்டமான வீடு. வரியும் வீட்டோடைதானே, எங்களுக்கு இனி அந்தக் கரைச்சல் இல்லை."

அன்றைக்குப் பிள்ளைகளைச் சொல்லி றொஜர் அழுததெல்லாம் வெறும் பேச்சா? றோல்ஸ் தட்டை மேசையில் வைக்கவும் தோன்றாமல் நின்றாள் ஸ்ரெல்லா.

"எங்கையடி போறியள்? ஆரிட்டை?"

றம்யா கோட்டை மடித்தபடியே வியப்போடு நிமிர்ந்தாள்.

"உங்கடை அண்ணனிட்டைத்தான், அக்கா."