தட்டினால் பேசும் ரேடியோ

பலகைச் சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றான் வீரப்பன். ஆபீசர் இவன் வீட்டைப் பார்த்து முடித்துவிட்டு, பக்கத்து வீட்டுக்குள் நுழைந்திருந்தார்.

தேயிலைத் தோட்டத்தில் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளுக்கு நடுவில் இருந்தது விரல் கனப் பலகை. அதுவும் கூரை வரை எட்டாது. அந்தப் பக்கம் சாம்பசிவம் தும்மினால் இந்தப் பக்கம் வீரப்பன் பெண்டாட்டி மணியம்மா "நூறு வயசு" என்பாள்.

ஆபீசர் கோலாலம்பூர்க்காரர். அடிவாரத்துத் தாப்பாவிலிருந்து மலை ஏறும்போது வளைவுக்கு ஒருமுறை ஜீப்பை நிறுத்தி வாந்தியெடுத்து, கிளம்பியதில் பாதி ஆளாகத்தான் மேலே வந்து சேர்ந்தார். கல்லூரிப் படிப்புக்கு உதவிப்பணம் கொடுக்கும் ஓர் அறநிதி அவரை அனுப்பியிருந்தது. தோட்டத்துக்கு ஒரே பிள்ளை. இருப்பதிலேயே ஏழை வீட்டுப் பிள்ளை. யாராவது பொய் சொன்னது தெரிந்தால் அந்தத் தோட்டத்துக்கே கிடையாது என்று கடிதத்தின் அடியில் போட்டிருந்தது. தோட்டத்து ஆபீஸ் கிராணி அந்த வரியை மட்டும் இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

விண்ணப்பம் போட்டது இரண்டு பேர். வீரப்பனின் மகள் நவமணி. சாம்பசிவத்தின் மகன் விஜயன்.

அன்றிலிருந்து வீரப்பனுக்கு வயிற்றெரிச்சல். சாம்பசிவத்தின் ஏழ்மையைப் பார்த்து.

என்ன ஓர் ஏழ்மை அது. அவன் வீட்டுச் சேவல் சுவரில் சாய்ந்துகொண்டுதான் கூவும். மூடுபனி உள்ளே வந்தால் உட்கார ஒரு முக்காலிகூட இல்லாமல் திரும்பிப் போய்விடும். மழை வெளியே பெய்வதற்கு முன்பே அவன் வீட்டுக்குள் பெய்துவிடும். சாம்பசிவம் சட்டியை எடுத்து வைப்பதைப் பார்த்துத்தான் லயமே கொடியில் கிடக்கும் துணியை எடுக்கும். ஆறு பிள்ளைகள். பெண்டாட்டி செத்து மூன்று வருடம்.

வீரப்பனுக்கு இருந்ததோ இரண்டே பிள்ளைகள். மணியம்மா வேறு ஒரு தலைவலி, காய்ச்சல் இல்லாமல் கல்லு மாதிரி இருந்தாள். அந்த வாரம் அதையும் அவன் ஒரு குறையாகவே நினைத்தான்.

எல்லாவற்றுக்கும் மேல் அந்த ரேடியோ. நாலு வருடம் முன்பு, எழுபத்து நாலில், பிரிஞ்சாங் கடைத்தெருவில் வாங்கியது. குமிழைத் திருகி, மண்டையில் இரண்டு தட்டுத் தட்டினால்தான் வாயைத் திறக்கும். ஆனாலும் ரேடியோ ரேடியோதான். ஆபீசர் கண்ணில் பட்டால் நவமணி கொழுந்துக் கூடையைத் தூக்க வேண்டியதுதான்.

"கங்காணி வீட்டுல குடுத்து வைங்களேன்," என்றாள் மணியம்மா, நேற்றுச் சாப்பிடும்போது.

"அங்க வச்சா ஒளிக்க மட்டும்தான்லா முடியும். சாம்பசிவம் வீட்டுல வச்சா ஆபீசரு அவன் பேர்ல எழுதிக்கிட்டுப் போயிருவாரு."

சொல்லிவிட்டு, புரையேறும் வரை சிரித்தான் வீரப்பன்.

இன்று காலையில் ரேடியோவைத் துண்டில் சுற்றி எடுத்துப் போனான்.

"கூரை ஒழுகுது தம்பி. ரெண்டு நாளைக்கு இங்க இருக்கட்டும்."

ஒழுகலுக்குப் பயந்து சாம்பசிவம் வீட்டுக்குப் பொருளைக் கொண்டுபோன ஒரே மனிதன் கேமரன் மலையில் அவன்தான்.

சாம்பசிவம் ஒன்றும் கேட்கவில்லை. "எங்கண்ணே வைக்க?" என்றான், அவ்வளவுதான். வாசலுக்கு நேராக வைக்கச் சொன்னான் வீரப்பன்.

இப்போது சுவருக்கு அந்தப் பக்கம் ஆபீசரின் சப்பாத்துக் காலடிச் சத்தம் நின்றது.

"ரேடியோவா? இந்த வீட்லயா?"

பார்ப்பார், எழுதுவார், போய்விடுவார் என்றுதான் வீரப்பன் நினைத்திருந்தான். வாயைத் திறந்து கேட்பார் என்று நினைக்கவில்லை.

"யாரோடது இது?"

கிராணி இரண்டு தடவை படித்த வரி வீரப்பனுக்கு நினைவு வந்தது: பொய் தெரிந்தால் தோட்டத்துக்கே கிடையாது. சாம்பசிவம் இந்தப் பக்கம் ஒரு விரலை நீட்டினால் போதும். நவமணியும் போனாள், விஜயனும் போனான்.

"என்னோடதுதாங்கய்யா," என்றான் சாம்பசிவம்.

"உன்னோடதா? எங்க, போடு பாப்போம்."

குமிழ் திரும்பியது. டக்.

பிறகு ஒன்றுமில்லை. சேவல்கூட மூச்சு விடவில்லை.

வீரப்பனின் கை தானாக எழுந்து காற்றில் இரண்டு தட்டுத் தட்டியது. 'தட்டுடா' என்று வாய்வரை வந்துவிட்டது. சொன்னால் எல்லாம் முடிந்தது. தோளில் கிடந்த துண்டை வாயில் அடைத்துக்கொண்டான்.

டப். டப்.

ரேடியோ பேசியது. ஈப்போவில் முட்டைக்கோஸ் என்ன விலை என்று சொன்னது.

ஆபீசரின் பேனா காகிதத்தில் ஓடியது. பிறகு ஒரு கோடு கிழிக்கும் சத்தம். பலகைச் சுவர் அதையும் விட்டுவைக்கவில்லை.

விஜயன் பெயர்தான். நவமணிக்குக் கிடைத்துவிட்டது.

வீரப்பன் வாயிலிருந்த துண்டை எடுத்தான், சந்தோஷப்படுவதற்காக.

அப்போதுதான் உறைத்தது. தட்ட வேண்டும் என்று சாம்பசிவத்துக்கு அவன் சொல்லவே இல்லை. எத்தனை தட்டு என்றும் சொல்லவில்லை.

நாலு வருடமாக, சாயங்காலம் தவறாமல், அந்த இரண்டு தட்டும் சுவரைத் தாண்டிப் போயிருக்கின்றன.

நேற்றுச் சாப்பிடும்போது சொன்ன சொல்லும் சிரித்த சிரிப்பும் அந்தத் தட்டுகளைவிடச் சத்தமாக இருந்தன.