டென்மார்க்கில் மேடில்லாத ரோடு

"டென்மார்க்குல மேடே இல்லாத ரோடு எதுவே?"

செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் உள்ளே வந்து கேட்டார் ஞானதுரை அண்ணாச்சி. சங்கரன்கோவிலில் ஜவுளிக்கடை வைத்திருப்பவருக்கு டென்மார்க் ரோடு எதற்கு? பூகோள வாத்தியார் பரமசிவனுக்கு ஓரளவு விளங்கிவிட்டது.

அண்ணாச்சியின் ஒரே மகன் பெத்துராஜ், பால் கூட்டுறவுச் சங்கம் நடத்துவது எப்படி என்று படிக்க டென்மார்க் போனவன். போன இடத்தில் ஒரு பெண்ணைப் பிடித்துப்போய்க் கல்யாணமும் கட்டிக்கொண்டான்.

தகவல் வந்த ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலில் நின்று அண்ணாச்சி கத்தியதை ஊரே கேட்டது. "வெள்ளைக்காரனத் தொரத்தி எட்டு வருசம் ஆவுது, எங் குடும்பத்துக்குள்ள வெள்ளைக்காரியா? எனக்கு மகனே கெடையாது. எம் பொண்டாட்டி அவனுக்கு ஒரு வரி எழுதுனாலும் அவளுக்கும் எனக்கும் பேச்சில்ல!"

அன்றிலிருந்து அவர் மனைவி ஞானபூரணம் அக்கா பாதி உடம்பாகிவிட்டார். இவரெல்லாம் ஒரு மனுசனா என்று பரமசிவனுக்கு அப்போதே கசப்பு.

"எதுக்கு அண்ணாச்சி கேக்கிய?"

"அடுத்த மாசம் ரெண்டு பேரும் சைக்கிள்ல ஊரு சுத்தப் போறாங்களாம். நேத்து காயிதம் வந்துச்சு. எம் பொண்டாட்டி அடுப்படியில வச்சு வாசிச்சா. காத என்ன கழத்தியா வைக்க முடியும்? மேப்ப எடும்வே!"

வழி தெரிந்தால் ஆள்விட்டு மறிப்பாரோ? செய்யக்கூடிய ஆள்தான். பரமசிவன் அரைமனதாக அட்லஸை விரித்தார். ஆனி மாசக் காற்று ஜன்னல் வழியாக வந்து பக்கத்தைப் புரட்டியது. அண்ணாச்சி தண்ணிச் செம்பைத் தூக்கி அதன்மேல் வைத்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. ஜன்னலுக்கும் மேசைக்கும் நடையாக நடந்தார்.

"பெரிய மேடெல்லாம் அந்த நாட்டுலயே இல்ல அண்ணாச்சி. இந்தக் கிழக்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் ஏத்த இறக்கம்."

"அப்ப அது வேண்டாம்."

"மேற்குக் கடற்கரை?"

"மரம் மட்டை உண்டா?"

"மணலும் புல்லும்தான்."

"நம்ம திருவேங்கடம் ரோடு மாதிரி பொட்டலப் பாத்துக்கிட்டே போகவா? கண்ணுக்குக் குளுமையா இருக்கணும்வே. கடலும் தெரியணும், பச்சையும் தெரியணும். காத்து எந்தப் பக்கம் அடிக்கும்?"

"நம்ம ஊரு மாதிரி மேல்காத்துதான்."

"பாத்தீரா! சமதரைன்னு நம்பவே கூடாது. ஜவுளி மூட்டையக் கட்டிக்கிட்டு ஆடி மாசம் குருவிகுளத்துலருந்து எதிர்காத்துல மிதிச்சவன் நான். மலையில கூட ஏறிரலாம், எதிர்காத்துல முடியாது. காத்து முதுகுல தள்ளணும். மேக்கயிருந்து கிழக்க போற ரோடாப் பாரும்."

பரமசிவன் விரலால் தேடினார். தெற்குக் கோடியில் ஒரு தீவு. "இந்தா, லோலண்ட். பூராவும் தாழ்ந்த தரை. சுத்திவர கடல், உள்ள வயலும் தோட்டமும். மேக்கயிருந்து கிழக்க நல்ல ரோடு போகுது."

"நடுவுல ஊரு உண்டா? எறங்கி இருந்து ஒரு வாய் பால் குடிக்கணும்லா?"

அவ்வளவுதான், வாத்தியாருக்குப் பொறுக்கவில்லை.

"கோவிச்சுக்காதிய அண்ணாச்சி. பெத்த தாய ஒரு வரி எழுத விடல நீங்க. இப்ப மகனுக்கு மூச்சு வாங்கக்கூடாது, காத்து அடிக்கக்கூடாது, வழிநெடுக பால் வேணும். இம்புட்டுப் பாசத்த வச்சிக்கிட்டு ஊரு முன்னால எதுக்கு அந்த வீம்பு?"

"யாருக்குவே பாசம்? அந்தப் பயலுக்கா? அவன் இமயமலையில மிதிக்கட்டும், முட்டு பேந்து போகட்டும், எனக்கென்ன? நீரு இத உம்ம பேருல எழுதிப் போடும். எம் பேரு வரக்கூடாது."

"நான் எழுத மாட்டேன்." பரமசிவன் செம்பை எடுத்துவிட்டு அட்லஸைப் பட்டென்று மூடினார். "ஞானபூரணம் அக்கா எழுதட்டும். அவுகள எழுத விடுதேன்னு சொன்னாத்தான் மேப்பு."

அண்ணாச்சி முறைத்தார். வாசல்வரை போனார், திரும்பி வந்தார். மறுபடி வாசலுக்குப் போய்ச் செருப்பில் ஒரு காலை நுழைத்தார். வெளியே புழுதி பறந்துகொண்டிருந்தது. அந்தக் காலையும் உருவிக்கொண்டு உள்ளே வந்தார்.

"நீரு ஒரு கிறுக்குப்பய வாத்தியாருவே. சரி, அவளே எழுதட்டும். இன்னைக்கே எழுதச் சொல்லுதேன். மேப்பத் தாரும், வீட்டுக்குக் கொண்டு போய்க் காட்டணும்."

பரமசிவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஒரு தாயின் கண்ணீரைத் துடைத்துவிட்ட பெருமை வேறு. அட்லஸை நீட்டிக்கொண்டே சொன்னார்:

"என்னதான் சொன்னாலும் மகன் மகன்தான், என்ன அண்ணாச்சி?"

"மகனாவது மண்ணாவது!" அட்லஸை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார் ஞானதுரை அண்ணாச்சி. "எம் மருமகளுக்கு இது அஞ்சாம் மாசம்வே!"