பத்தாவது நேர்காணல்

எதிரே இருந்தவரின் உதடு முதலில் அசைந்தது. குரல் பிறகு வந்தது.

அவள் காதிலிருந்த கருவியைக் கழற்றினாள்.

அது அவளுடையதல்ல. பீளமேட்டில் இருக்கும் இந்தச் சின்ன நிறுவனம் புதிதாகச் செய்துபார்க்கும் காது கேட்கும் கருவி. வேலை கேட்டு வந்தவளிடம் முதலாளி நாச்சிமுத்து கேள்வி எதுவும் கேட்கவில்லை. அவள் காதில் மாட்டியிருந்ததைப் பார்த்தார். தங்கள் கருவியை எடுத்து நீட்டினார்.

தன் பழையதை மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னாள்.

"சத்தம் லேட்டா வருதுங்க சார்."

"ஆறு மாசமா அதோடதானுங்க மல்லுக்கட்டுறோம்."

பன்னிரண்டு வருடம் வாஷிங் மெஷின் சில்லுகளுக்கு சி, அசெம்பிளி என்ற பழைய கணினி மொழிகளில் நிரல் எழுதியவள். அந்தப் பிரிவையே மூடிவிட்டார்கள்.

பைத்தான் மொழி தெரியுமா என்று ஒன்பது இடங்களில் கேட்டார்கள். கற்றுக்கொண்டிருக்கிறேன் என்று ஒன்பது இடங்களிலும் சொன்னாள்.

கடைசியாகப் போன இடத்தில் ஒரு பெண் லிஃப்ட் வரை கூடவே வந்தாள். "நீங்க எழுதற மொழிக்கெல்லாம் இப்ப ஆள் எடுக்கறதே கொறஞ்சுபோச்சு மேடம்." வருத்தப்பட்டுத்தான் சொன்னாள்.

"புரோகிராமைப் பாக்கலாங்களா?" என்று நாச்சிமுத்துவிடம் கேட்டாள்.

அவர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார்.

கருவி, ஒலியை மூட்டையாகச் சேர்த்துவைத்துப் பிறகு அனுப்பிக்கொண்டிருந்தது. அவள் அதைத் துளித்துளியாக அனுப்ப வைத்தாள். சில்லு திணறியது.

சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. பாவம், எவ்வளவுதான் செய்யும்.

அது அதிகம் மூச்சு வாங்கும் இடத்தை மட்டும் அசெம்பிளியில் புதிதாக எழுதினாள். ஒவ்வொரு வரியாக. அந்தச் சில்லால் எவ்வளவு சுமக்க முடியும் என்று அவளுக்குத் தெரியும்.

டீ வந்தது. ஆறி ஆடை படிந்தது.

நாச்சிமுத்து ஒருமுறை எழுந்து, அவள் பக்கம் மின்விசிறியைத் திருப்பிவிட்டார்.

மதியம் ஒரு மணிக்குப் புது நிரலை ஏற்றிக் கருவியை மாட்டிக்கொண்டாள்.

"ஏதாச்சும் பேசுங்க சார்."

அவர் பேசத் தொடங்குமுன் தொண்டையைச் செருமினார்.

செருமியபோதே கேட்டது.

அவள் முகத்தைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து நின்றார். பிறகு கேட்டார்.

"திங்கக்கிழமையிலிருந்து வர முடியுங்களா?"

ஓர் எழுத்துகூடத் தப்பவில்லை.

அவள் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னொரு தடவை சொல்லுங்க சார்."

"ஏனுங்க, கேக்கலீங்களா?" பதறினார்.

"கேட்டுச்சுங்க."

அவர் ஒரு கணம் அவளைப் பார்த்தார்.

நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்ந்தார். முன்பைவிட மெல்ல, மறுபடியும் சொன்னார்.