எழுத்துக்குள் ஒரு குதிரை

பழைய சீன அகராதி ஒன்றில், நாலுகால் பாய்ச்சலைக் குறிக்கும் எழுத்துக்குள் ஒரு குதிரை குடியிருந்தது. அதன் காலைக் கொறிக்க ஒரு புத்தகப்பூச்சி வந்தது.

"அடேய், காலைத் தொடாதே! எனக்கு வேலை தலைக்கு மேல கிடக்கு. எவன் புகழோ ஊரெல்லாம் பரவுதுன்னு எழுதணுமா, அந்தச் சொல்லுல நான்தான் ஓடணும். எவ மனசோ பிறந்த வீட்டுக்குப் பறக்குதுன்னு எழுதணுமா, அதுக்கும் நான்தான் ஓடணும். சாப்பிட்டியான்னு கேட்க ஒரு நாதி இல்லை!"

"அப்படி ஓடுறவன் இப்பவும் ஓட வேண்டியதுதானே? அச்சடிச்ச இடத்திலேயே நிக்கிறே. பெரிய பாய்ச்சலாம்!" என்று சிரித்துக்கொண்டே பூச்சி வாயைத் திறந்தது.

அந்த நேரம் பார்த்து யாரோ அகராதியைத் திறந்தார்கள். வெளிச்சம் பட்டதும் பூச்சி அலறியடித்து ஓடியது.

கால் பிழைத்த குதிரை பெருமூச்சு விட்டது.

"அட கடவுளே, இந்தப் பூச்சி ஓடின ஓட்டத்தையும் என் தலையிலதான் எழுதுவாங்க!"