நடந்து போகும் தூரம்

மிரேய் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடியே தெருவில் வேகமாக வந்தாள். "ரொட்டிக்கடைக்கு நாலு நிமிஷம், மருந்துக்கடைக்கு ஆறு" என்று கீழே நின்றே குரல் கொடுத்தாள். மேலே ஏறி வருவாள் என்று பார்த்தால், அப்படியே திரும்பி ரயில் நிலையம் இருக்கும் பக்கம் நடக்க ஆரம்பித்தாள்.

இரண்டாவது மாடி ஜன்னலில் நின்றிருந்த அவள் கணவர் தியெரி, வீட்டுத் தரகர் பத்ரீஸைப் பார்த்துச் சங்கடமாகச் சிரித்தார். தெற்கு பிரான்சின் நார்போன் நகரில் அவர்கள் பார்க்கும் நான்காவது வீடு இது. நாலு வீட்டிலும் இதே கூத்துதான்.

வடக்கே ரூபேயில் ஓர் அச்சகத்தில் வேலை பார்த்து, மார்ச் மாதம் ஓய்வு பெற்றவர் தியெரி. மழையும் சாம்பல் வானமும் போதும், மிச்ச காலத்தைத் தெற்கே வெயிலில் கழிக்க வேண்டும் என்பது அவருடைய பல வருட ஆசை. முதலில் வாடகைக்கு இருந்து பார்க்கலாம், ரூபே வீடு அப்படியே இருக்கட்டும் என்று சொன்னது மிரேய்.

ஆயிரம் கிலோமீட்டர் காரை ஓட்டி வந்ததும் அவள்தான். தியெரிக்கு ஓட்டத் தெரியாது. ஓட்டுநர் தேர்வில் மூன்று முறை தோற்றவர், அதன்பிறகு அந்தப் பக்கமே போகவில்லை.

வந்த இரண்டாம் நாளே அவருக்குப் பிடித்த வீடு கிடைத்துவிட்டது. கொர்பியேர் மலையில் ஒரு சின்னக் கிராமம், கல் வீடு, வாசலில் அத்திமரம், கீழே பள்ளத்தாக்கு முழுக்கத் திராட்சைத் தோட்டம். வீட்டுக்காரர் ஒயின் ஊற்றிக் கொடுத்தார். மதில்மேல் உட்கார்ந்த தியெரிக்கு எழுந்திருக்கவே மனம் வரவில்லை.

மிரேய் மட்டும் உட்காராமல், பஸ் எப்போதெல்லாம் வரும் என்று கேட்டாள். செவ்வாயும் வெள்ளியும் வரும், பள்ளிக்கூட விடுமுறையில் அதுவும் கிடையாது என்றார் வீட்டுக்காரர். "இந்த ஊர்ல கார் இல்லாம இருக்கிறது என் கழுதை மட்டும்தான், மதாம்."

தியெரி வாய்விட்டுச் சிரித்தார். மிரேய் அவரையே பார்த்தாள்.

"திடீர்னு பல்லு வலிச்சா இங்கேருந்து எப்படிப் போவ?"

"நீதான் கூட்டிட்டுப் போவியே."

அவள் போய்க் காரில் ஏறி இன்ஜினைக் கிளப்பினாள்.

அதன்பிறகு மூன்று நாளாக மலைக்காற்று ஓயவில்லை. அவளும் ஓயவில்லை. சாப்பாட்டில் பாதியில் எழுந்து பஸ் அட்டவணையைப் புரட்டினாள். எதிரே வைத்த காபி ஆறிப்போனது. என்ன கேட்டாலும் "முதல்ல வீடு முடியட்டும்" என்றாள்.

உடம்புக்கு ஏதாவதா, ஊரை விட்டு வர மனசில்லையா என்று தியெரி தனக்குள் குழம்பினார். நேற்று மதியம் பொறுக்க முடியாமல், கடைத்தெருவுக்குப் பக்கத்தில் குடியிருக்கவா இவ்வளவு தூரம் வந்தோம் என்று சண்டையும் போட்டார். அந்த மலைமேல் நீ ஒரு வாரம் தாங்க மாட்டாய் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் வெளியே நடக்கப் போய்விட்டாள்.

இப்போது ரயில் நிலையத்திலிருந்து மூச்சு வாங்கத் திரும்பி வந்தாள். "பதினோரு நிமிஷம். வழியில மேடே இல்ல."

பத்ரீஸை அடுத்தடுத்துக் கேள்வி கேட்டாள். லிஃப்ட் அடிக்கடி கெட்டுப்போகுமா, கீழ்வீட்டு அம்மா வருஷம் முழுக்க இங்கேதான் இருப்பாரா, புது நோயாளிகளைச் சேர்த்துக்கொள்கிற டாக்டர் பக்கத்தில் யார். எல்லாவற்றுக்கும் திருப்தியான பதில் வந்ததும், தியெரியைச் சமையலறைக்கு அழைத்துப்போய் துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் நிறுத்தினாள்.

"நான் எதுக்கு இதெல்லாம்?"

"நீயே போட்டுப் பாரு. எந்தப் பொத்தான்னு தெரிய வேணாமா?"

இரண்டு தடவை தப்பான பொத்தானை அழுத்தினார். மூன்றாவது தடவை இயந்திரம் ஓட ஆரம்பித்தது. நிமிர்ந்து பார்த்தபோது அவள் கண்ணுக்குக் கீழே இருந்த கருமை அவருக்குப் புதிதாகத் தெரிந்தது.

முப்பத்திநாலு வருஷமாக அவள்தான் வண்டி ஓட்டினாள். விடியற்காலையில் அச்சகத்துக்கு, சனிக்கிழமை சந்தைக்கு, அவர் அம்மா படுத்த படுக்கையாக இருந்தபோது தினமும் ஆஸ்பத்திரிக்கு. பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து அவர் தூங்கியிருக்கிறார். களைப்பாக இருக்கிறது என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. அவளை அந்த மலைக்குக் கூட்டிப்போய், ஒரு ரொட்டிக்கும் கார் ஓட்ட வைக்க நினைத்தோமே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது.

வாடகை ஒப்பந்தத்தை எடுத்து வர பத்ரீஸ் கீழே போனார். தியெரி அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மலை வீட்டை மறந்துடலாம். இதுவே இருக்கட்டும். இத்தனை வருஷம் நீ வண்டி ஓட்டினது போதும், மிரேய். காரை இங்கேயே வித்துடுவோம்."

ஐந்து நாளில் முதல்முறையாக அவள் அமைதியாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்தாள். கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள்.

"கார் எனக்கு வேணும்."

"இங்க எதுக்குக் கார்? எல்லாமே நடந்து போற தூரந்தானே?" என்று சிரித்தார் தியெரி.

படிக்கட்டில் பத்ரீஸ் ஏறி வரும் சத்தம் கேட்டது. அதற்குள் சொல்லிவிட வேண்டும் என்பதுபோல அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"உனக்குத்தான், தியெரி. நான் இங்க இருக்கப்போறதில்ல."